மைனர் லீக் அணியின் அபாரத் தொடக்கத்தை எடைபோடுவது எப்படி?

ஏப்ரல் முடிகிற நேரத்தில் மேஜர் லீக் எனும் உச்ச லீகுக்கு ஆட்டக்காரர்களை வளர்த்துத் தரும் அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலின் தரவரிசைப் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஏதாவது ஓர் அணி 17 வெற்றி, 7 தோல்வி என்ற கணக்கோடு முதலிடத்தில் நிற்பதைத் தவறாமல் காணலாம். அந்த அணியைப் பின்தொடர்பவர் மனதில் உடனே எழும் கேள்வி, இந்த வேகம் நிலைக்குமா என்பதுதான். மேஜர் லீக் அணியைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால், ஆட்டக்காரர்களின் திறமையையும் மீதமிருக்கும் ஆட்டங்களையும் வைத்து ஓரளவு விடை சொல்லிவிட முடியும். மைனர் லீக்கில் அந்த வழி பாதித் தூரம்கூடப் போகாது. ஏனெனில் அங்கே ஓர் அணி நன்றாகத் தொடங்குவதற்கு யார் காரணமோ அவர்களே முதலில் அணியை விட்டு மேல்படிக்குப் போய்விடுகிறார்கள்.

அதற்காக இந்தத் தொடக்கத்துக்கு மதிப்பில்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இன்றைய மைனர் லீக் சீசன் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் பாதியில் முதலிடம் பெறும் அணிக்கு பட்டத்தைத் தீர்மானிக்கும் செப்டம்பர் மாத பிளேஆஃப் சுற்றில் இடம் அப்போதே உறுதியாகிவிடும். அதன்பின் அணி சரிந்தாலும் அந்த இடம் பறிபோகாது. ஆகவே செப்டம்பர் வரை நிலைக்குமா என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, ஜூன் மூன்றாம் வார வாக்கில் முதல் பாதி முடியும் வரை தாங்குமா என்று கேட்பதே சரி. கீழே சொல்லப்போவது அனைத்தும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வழிகளே.

படியையும் லீகையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள்

2021-இல் செய்யப்பட்ட சீரமைப்புக்குப் பிறகு, மேஜர் லீக் அணிகளோடு இணைந்த முழுநீள சீசன் ஆடும் மைனர் லீக் அணிகள் 120 மட்டுமே. 30 மேஜர் லீக் அணிகள் ஒவ்வொன்றுக்கும் நான்கு அணிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்ற ஏறுவரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒன்று. ஆட்டக்காரரின் ஒப்பந்தம், சம்பளம், பயிற்சி, இடமாற்றம் எல்லாவற்றையும் தாய் அணிதான், அதாவது மேலே உள்ள அந்த மேஜர் லீக் அணிதான் தீர்மானிக்கும். உள்ளூர் அணியின் நிர்வாகம் மைதானத்தையும் டிக்கெட் விற்பனையையும் ரசிகர்களையும் பார்த்துக்கொள்கிறது. களத்தில் யார் ஆடுவது என்பதில் அதற்கு அதிகாரம் இல்லை. மேலாளர்கூடத் தாய் அணியின் ஊழியர்தான். இதைப் புரிந்துகொள்ளாமல், முக்கியமான ஆட்டத்தில் சிறந்த பிட்சரை (பந்து எறிபவரை) ஏன் நான்கு இன்னிங்ஸ்களோடு வெளியே அழைத்தார்கள் என்று மேலாளரைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. அந்தப் பிட்சர் இத்தனை பந்துதான் எறியலாம் என்ற வரம்பு, ஆட்டம் தொடங்கும் முன்பே மேலிருந்து வந்திருக்கும்.

டிரிபிள்-ஏ அணிகள் மார்ச் இறுதியில் தொடங்கி 150 ஆட்டங்கள் ஆடும். டபுள்-ஏ அணிகளுக்கு 138, ஹை-ஏ, சிங்கிள்-ஏ அணிகளுக்கு 132. இவை ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கும். இந்த எண்ணிக்கையில் பாதிதான் முதல் பாதி என்பதால், டபுள்-ஏ அணிக்கு 69 ஆட்டங்களுக்குள் கதை முடிந்துவிடும். அதில் 24 ஆட்டங்கள் கடந்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடிவிட்டது என்று பொருள். மேஜர் லீக் அணி 162 ஆட்டங்களில் 24-ஐ முடித்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நல்ல தொடக்கம் மேஜர் லீக்கைவிட மைனர் லீக்கில் விலைமதிப்பு மிக்கதாக இருப்பது இதனால்தான்.

24 ஆட்டங்கள் எவ்வளவு சொல்லும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். 120 அணிகளும் திறமையில் சரிசமம், ஒவ்வொரு ஆட்டமும் நாணயத்தைச் சுண்டிவிடுவது போன்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஓர் அணி 24 ஆட்டங்களில் 17 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 3.2 சதவீதம். 120 அணிகளில் சராசரியாக நான்கு அணிகள், எந்தத் தனித்திறமையும் இல்லாமலே, அந்த உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். நீங்கள் பார்த்து மகிழும் அணி அந்த நான்கில் ஒன்றாக இருக்க முடியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

நல்ல தொடக்கங்கள் ஏமாற்றியதற்கு மேஜர் லீக்கிலேயே சான்றுகள் உண்டு. 2023-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 20 வெற்றி, 8 தோல்வி என்று தொடங்கி, சீசன் முடிவில் 76 வெற்றி, 86 தோல்வியில் வந்து நின்றது. 1987-இல் மில்வாக்கி புரூவர்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. மே மாதத்தில் தொடர்ந்து 12 தோற்றது. 91 வெற்றிகளோடு முடித்தும் பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. மறுபக்கம் 1984-இன் டெட்ராய்ட் டைகர்ஸ் 35 வெற்றி, 5 தோல்வி என்று தொடங்கி, மேஜர் லீக்கின் இறுதிப் பட்டப்போட்டியான உலகத் தொடரையே வென்றது. தொடக்கக் கணக்கு மட்டும் பார்த்து இந்த மூன்றையும் ஏப்ரலிலேயே பிரித்தறிந்திருக்க முடியாது.

கணக்கோடு எதிரணிகளையும் சேர்த்துப் பாருங்கள். இப்போதைய அட்டவணைப்படி மைனர் லீக் அணிகள் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள் ஆடுகின்றன, திங்கள் ஓய்வு. எனவே 24 ஆட்டங்கள் என்றால் நான்கே நான்கு எதிரணிகள். அதில் ஓர் அணி தன் சிறந்த பிட்சர்களைக் காயத்தில் இழந்து தவித்த வாரமாக இருந்தால், அந்த ஒரு வாரமே ஐந்து வெற்றியைக் கொண்டுவந்திருக்கும். 20 அணிகள் கொண்ட இன்டர்நேஷனல் லீகில் இந்தச் சாய்வு நீண்ட நாள் நீடிக்கலாம். ஆறே அணிகள் உள்ள நார்த்வெஸ்ட் லீகில் அதே ஐந்து எதிரணிகளை மாறி மாறிச் சந்திக்க வேண்டியிருப்பதால் அது விரைவில் சமனாகிவிடும். வாரத்துக்கு ஒரு வரி என்று குறிப்பேட்டில் எழுதி, எதிரணியின் பெயரையும் அந்த வாரக் கணக்கையும் பதிந்துவைத்தால், 17-க்கு 7 என்ற மொத்தம் 4-2, 5-1, 3-3, 5-1 என்று பிரிந்து நிற்கும்; அந்தப் பிரிவே பல சங்கதிகளைச் சொல்லிவிடும்.

வெற்றிகளைவிட ரன்களை நம்புங்கள்

அடித்த ரன்களையும் விட்டுக்கொடுத்த ரன்களையும் வைத்து ஓர் அணி எத்தனை ஆட்டங்கள் வென்றிருக்க வேண்டும் என்று மதிப்பிடும் சூத்திரம் ஒன்றை பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் ஆய்வாளர் உருவாக்கினார். கையில் கால்குலேட்டர் இருந்தால் போதும். அடித்த ரன்களை வர்க்கப்படுத்துங்கள். விட்டுக்கொடுத்த ரன்களையும் வர்க்கப்படுத்துங்கள். முதல் வர்க்கத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். கிடைப்பது எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம்.

17 வெற்றி, 7 தோல்வியோடு நிற்கும் இரண்டு அணிகளைக் கற்பனை செய்யுங்கள். முதல் அணி 122 ரன்கள் அடித்து 110 விட்டுக்கொடுத்திருக்கிறது. 122-இன் வர்க்கம் 14,884. 110-இன் வர்க்கம் 12,100. வகுத்தால் 0.552, 24 ஆட்டங்களில் ஏறத்தாழ 13 வெற்றி. அதாவது நான்கு வெற்றிகள் கூடுதலாக வந்திருக்கின்றன. இரண்டாம் அணி 140 அடித்து 92 விட்டுக்கொடுத்திருக்கிறது. அதன் விகிதம் 0.698, ஏறத்தாழ 17 வெற்றி. தரவரிசையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இரண்டாம் அணி உழைத்துச் சேர்த்த சொத்தோடு நிற்கிறது. முதல் அணி கைமாற்று வாங்கிய பணத்தில் நிற்கிறது என்றே சொல்வேன்.

முதல் வகை அணியின் வெற்றிகளைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பல ஒரு ரன் வித்தியாசத்தில் வந்தவையாக இருக்கும். ஒரு ரன் ஆட்டங்களை வெல்வது தனித் திறமை என்று பலர் நம்புகிறார்கள். நல்ல மாற்றுப் பிட்சர்கள் இருந்தால் ஓரளவு உண்மையும்கூட. ஆனால் மைனர் லீக்கில் எந்த மாற்றுப் பிட்சர் எந்த நாளில் எறிவார் என்பது ஓய்வுநாள் கணக்குப்படி முன்கூட்டியே முடிவாகிவிடும் என்பதால், ஒன்பதாவது இன்னிங்ஸில் சிறந்தவர்தான் வருவார் என்ற உறுதி கிடையாது. இரண்டாவது பேஸில் ஓர் ஓட்டக்காரரோடு கூடுதல் இன்னிங்ஸைத் தொடங்கும் விதியும், 2018 முதலே மைனர் லீக்கில் இருந்துவருவதால், நெருக்கமான ஆட்டங்களின் முடிவை மேலும் தற்செயலாக்குகிறது.

கீழ்ப்படிகளில், ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்று காட்டும் ஈஆர்ஏ என்னும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிங்கிள்-ஏ ஆட்டங்களில் ஃபீல்டிங் பிழைகள் அதிகம். பிழையால் வந்த ரன்கள் ஈஆர்ஏ-வில் சேர்வதில்லை. ஆனால் அணி அந்த ரன்களாலும் தோற்கத்தான் செய்கிறது. மொத்த ரன்களையே எண்ணுங்கள்.

யாரால் வெல்கிறது என்று பாருங்கள்

இந்தப் பகுதிதான் என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. அணியின் பட்டியலை எடுத்து, அதிக ஆட்டங்கள் ஆடிய ஒன்பது பேட்டர்களின் வயதையும், தொடக்கப் பிட்சர்களின் வயதையும் பெயருக்கு எதிரே எழுதுங்கள். சிங்கிள்-ஏ படியில் வழக்கமான வயது ஏறக்குறைய 21, டபுள்-ஏயில் 24, டிரிபிள்-ஏயில் 26, 27. தன் படியின் வழக்கமான வயதைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் இளையவர்கள் அடித்து ஆடியதால் வந்த வெற்றி ஒரு வகை. அதே படியை மூன்றாவது ஆண்டாகப் பார்க்கும் அனுபவசாலிகளால் வந்த வெற்றி வேறு வகை.

இளையவர்களால் வென்ற அணி தாய் அணிக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் அந்த இளையவர்களே முதலில் மேலே போவார்கள். 2023-இல் ஜாக்சன் ஹாலிடே ஒரே சீசனில் சிங்கிள்-ஏ டெல்மார்வாவில் தொடங்கி, ஹை-ஏ அபர்டீன், டபுள்-ஏ போவி வழியாக டிரிபிள்-ஏ நார்ஃபோக் வரை நான்கு படிகளையும் தொட்டார். டெல்மார்வாவின் ரசிகர் அந்த ஏப்ரலில் பார்த்த இந்த ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டரை) அந்த ஆண்டு மறுபடி அங்கே பார்க்கவில்லை. மாறாக, 27 வயதுப் பேட்டர் டபுள்-ஏயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தால், மேலே இடம் காலியாகும் வரை அவர் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். முதல் பாதி வரை தாங்குமா என்ற நம் கேள்விக்கு, யாரும் பெரிதாகப் பேசாத இந்த அனுபவசாலிகளே நம்பிக்கையான விடை. வருங்கால நட்சத்திரங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. அணியை ஜூன் வரை சுமந்து செல்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

அடுத்து, அவர்கள் ஆடும் விதம் நிலைக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும். பேட்டரின் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) விகிதமும் வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது) விகிதமும் ஓரளவு விரைவிலேயே உண்மையைக் காட்டத் தொடங்கும். பேட்டிங் சராசரி அப்படியல்ல. மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழுந்த பந்துகளில், ஹோம் ரன்களைத் தவிர்த்து, எத்தனை பங்கு ஹிட் ஆனது, அதாவது பேட்டரைப் பேஸுக்குக் கொண்டுசேர்த்தது என்ற விகிதம் மேஜர் லீக்கில் 0.300-ஐ ஒட்டியே இருக்கும். ஒருவருடைய விகிதம் நான்கு வாரம் 0.420 என்று இருந்தால், அவர் அடித்த தரைப்பந்துகள் ஃபீல்டர்களுக்கு இடையே வழி கண்டுகொண்டிருக்கின்றன என்றுதான் முதலில் எண்ண வேண்டும். கீழ்ப்படிகளில் ஃபீல்டிங் சற்றுத் தளர்வாக இருப்பதால் அந்த லீகின் சராசரியைப் பார்த்து ஒப்பிடுவது நல்லது.

எண்கள் காட்டாததைக் கண் காட்டும். டபுள்-ஏ ஆட்டம் ஒன்றில் 20 வயது ஷார்ட்ஸ்டாப் மட்டையோடு நிற்கிறார் என்று வையுங்கள். எதிரே 27 வயது இடக்கைப் பிட்சர். முதல் பந்து உள்பக்கம் வேகமாக வந்து ஸ்ட்ரைக். இரண்டாவது பந்தில் அவர் மட்டையை வீசி, பின்பக்க வலையில் மோதவிடுகிறார். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த நிலையில், பிட்சர் தட்டின் வெளி ஓரத்துக்கும் கீழே சரிந்து விழும் ஸ்லைடரை எறிகிறார். இளம் பேட்டர்களில் பெரும்பாலோர் துரத்தும் பந்து அது. இவர் முன்காலை ஊன்றி, கையைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பந்தை கேட்சரின் கையுறைக்குள் விட்டுவிடுகிறார். பிட்சர் அதே பந்தை மறுபடி எறிகிறார். இவர் மறுபடி விடுகிறார். ஐந்தாவது பந்தை வேறு வழியின்றி நடுவில் எறிய, அது நேராக இரண்டாவது பேஸ்மேனின் கைக்குப் போய் அவுட் ஆகிறது. ஸ்கோர் அட்டையில் அது வெறும் அவுட். ஆனால் அந்த இரண்டு ஸ்லைடர்களை விட்டவர், மே மாதத்தில் பிட்சர்கள் தன்னைப் படித்துத் திட்டம் மாற்றும்போதும் தாக்குப்பிடிப்பார். ஆறு நாள் ஒரே எதிரணியைச் சந்திக்கும் அட்டவணையில் இந்தப் படிப்பு இன்னும் வேகமாக நடக்கிறது; சனி, ஞாயிறு ஆட்டங்களில் ஒரு பேட்டருக்கு வரும் பந்துகள் செவ்வாயன்று வந்தவையாக இருக்காது. ஆகவே வார இறுதி ஆட்டங்களைத் தனியே கவனியுங்கள் என்று பரிந்துரைக்கிறேன்.

பிட்சர்களுக்கும் இதே வழிதான். ஒரு விஷயம் மட்டும் கூடுதல். ஏப்ரலில் தொடக்கப் பிட்சர்கள் நான்கு ஐந்து இன்னிங்ஸ்களுக்கு மேல் போவது அரிது என்பதால், மீதி இன்னிங்ஸ்களைச் சுமக்கும் மாற்றுப் பிட்சர்களின் தரம் அணியின் கணக்கில் பெரும் பங்கு வகிக்கிறது. ஆட்டத்தின் விவரப் பட்டியலில் தோற்ற ஆட்டங்களை எடுத்து, ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் யார் முன்னிலையில் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்னிலையில் இருந்தும் தோற்ற ஆட்டங்கள் அடுக்கடுக்காக வரத் தொடங்கினால், ரன் கணக்கு நன்றாக இருந்தாலும் எச்சரிக்கை தேவை.

மைதானமும் வானிலையும்

பசிபிக் கோஸ்ட் லீகில் ஆல்புகெர்க்கி கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ரினோ ஏறத்தாழ 4,500 அடி. மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும், வளைபந்து குறைவாக வளையும். அங்கே ஆறு ரன்கள் அடிப்பது சாதனை அல்ல. ஃபுளோரிடா ஸ்டேட் லீகில் பல அணிகள் மேஜர் லீக் அணிகளின் வசந்தகாலப் பயிற்சி மைதானங்களில் ஆடுகின்றன. அவை விசாலமானவை என்பதால் ரன்கள் கஷ்டப்பட்டே வரும். டிரிபிள்-ஏயில் பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று தீர்மானிக்கும் தானியங்கி முறை 2023-இல் எல்லா மைதானங்களுக்கும் வந்தது. வாக் எண்ணிக்கையை அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவது பொருந்தாது. எந்த எண்ணையும் அதே லீகின் சராசரியோடு வைத்துப் பார்ப்பது ஒன்றே பாதுகாப்பான வழி.

ஈஸ்டர்ன் லீக், மிட்வெஸ்ட் லீக் போன்ற வடபகுதி லீகுகளில் ஏப்ரல் குளிரில் பந்து பறக்காது. மழையால் தள்ளிப்போன ஆட்டங்கள் பிறகு ஒரே நாளில் இரண்டாக, ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்களாக நடக்கும். அப்படிப்பட்ட வாரங்களில் பிட்சர்கள் தட்டுப்பாடு வரும். தொடக்கத்தில் மழையால் குறைவாக ஆடிய அணிக்கு மே மாதத்தில் அந்தச் சுமை காத்திருக்கிறது.

மேலே நடப்பதைக் கண்காணியுங்கள்

உங்கள் அணியைப் பற்றிய மிக முக்கியமான செய்தி, உங்கள் அணியின் செய்தியாக இருக்காது. மேஜர் லீக்கில் தாய் அணியின் ஷார்ட்ஸ்டாப் தொடை பிடித்துக்கொண்டு களத்தை விட்டு வெளியேறினால், டிரிபிள்-ஏயிலிருந்து ஒருவர் மேலே போவார். அவர் இடத்துக்கு டபுள்-ஏயிலிருந்து ஒருவர். அவர் இடத்துக்கு ஹை-ஏயிலிருந்து ஒருவர். ஒரே தசைப்பிடிப்பு நான்கு ஊர்களின் ஆட்டப் பட்டியலை மாற்றிவிடும்.

இதை முன்கூட்டிக் கணிக்க, மேஜர் லீக்குக்கு அழைக்கத்தக்கவர்கள் அடங்கிய தாய் அணியின் 40 பேர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜர் லீக்கில் ஒரு நேரத்தில் ஆடத் தகுதியுள்ளவர்கள் 26 பேர். 40-இல் மீதமுள்ளவர்களில் பலர் டிரிபிள்-ஏயில் இருப்பார்கள். மேலே அவசரம் வந்தால் முதலில் அழைக்கப்படுவது இவர்கள்தான், ஏனெனில் 40-க்குள் இல்லாத ஒருவரை அழைக்க வேண்டுமானால் வேறொருவரை வெளியேற்ற நேரிடும். ஆகவே உங்கள் டிரிபிள்-ஏ அணியின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் அந்த 40-இல் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான்கு பேர் என்றால், அணி கண்ணாடிப் பாத்திரம் போன்றது. ஒருவர் அல்லது இருவர் என்றால் ஜூன் வரை அமைப்பு கலையாமல் இருக்க வாய்ப்புண்டு.

எதிர்த்திசையிலும் ஆட்கள் வருவார்கள் என்பதை மறக்க வேண்டாம். காயத்திலிருந்து தேறிவரும் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் உடலைத் தயார்படுத்த மைனர் லீக் அணிகளில் ஆடுவதுண்டு. பேட்டர்களுக்கு அதிகபட்சம் 20 நாள், பிட்சர்களுக்கு 30 நாள். அப்படி ஒருவர் வந்து இரண்டு வாரம் அடித்துக் குவித்ததால் கிடைத்த வெற்றிகளை அணியின் நிலையான பலமாகக் கருதக் கூடாது. கணக்குப் போடும்போது அவருடைய வாரங்களைத் தனியே ஒதுக்கிவிடுவேன்.

படிகளுக்கு இடையிலான பெரிய இடமாற்றங்கள் பொதுவாக மே பிற்பகுதியில் சூடுபிடிக்கும். ஜூலையில் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 20 சுற்று டிராஃப்ட் முடிந்து புதியவர்கள் வந்து சேர்வதாலும், ஒரு தாய் அணி தன் உள்நாட்டு மைனர் லீக் அமைப்பில் 165 பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதாலும், அந்த மாதத்தில் அணி முகம் மாறிவிடும். முதல் பாதி அதற்கு முன்பே முடிந்துவிடுவது நம் அதிர்ஷ்டம்.

ஆட்கள் போனாலும் தாங்கும் அணிகள் உண்டு என்பதையும் பதிவுசெய்கிறேன். 1993-இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸின் டபுள்-ஏ அணியான ஹாரிஸ்பர்க் செனட்டர்ஸ் 94 வெற்றி, 44 தோல்வியோடு முடித்தது. சீசனின் நடுவே கிளிஃப் ஃபிளாய்ட், ராண்டெல் வைட் போன்ற முதன்மையானவர்களை ஆட்டவா டிரிபிள்-ஏ அணிக்கு இழந்தும் ஈஸ்டர்ன் லீக் பட்டத்தை வென்றது. அண்மைக் காலத்தில் 2023-இன் நார்ஃபோக் டைட்ஸ் இன்னும் பொருத்தமான பாடம். பால்டிமோர் ஓரியோல்ஸின் டிரிபிள்-ஏ அணியான அது இன்டர்நேஷனல் லீகின் முதல் பாதியை வென்றது. ஜூன் கடைசியில் ஜோர்டன் வெஸ்ட்பர்க், ஜூலை தொடக்கத்தில் கோல்டன் கவுசர் என்று முக்கியமானவர்கள் மேஜர் லீக்குக்குப் போனார்கள். இரண்டாம் பாதியை டர்ஹம் புல்ஸ் வென்றது. ஆனால் முதல் பாதிச் சீட்டு கையில் இருந்ததால் செப்டம்பரில் நார்ஃபோக் களமிறங்கி, டர்ஹமைத் தோற்கடித்து, பிறகு லாஸ் வேகஸில் நடந்த டிரிபிள்-ஏ தேசிய இறுதி ஆட்டத்தையும் வென்றது. நல்ல தொடக்கம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது இந்த அணியைத்தான்.

இந்த விசாரணை முழுவதும் செய்துமுடித்த பிறகு, உங்கள் அணிக்கு ஒரு முடிவு கட்டுங்கள். ரன் கணக்கு வெற்றிக் கணக்கோடு ஒத்துப்போகிறது, அனுபவசாலிகள் பாதிச் சுமையைத் தாங்குகிறார்கள், 40 பேர் பட்டியலில் இருப்பவர்கள் குறைவு என்றால், தயங்காமல் நம்பலாம். ரன் கணக்கு மட்டும் பொருந்தி மற்ற இரண்டும் பொருந்தாவிட்டால், மே நடுப்பகுதிக்குள் எத்தனை ஆட்டம் முன்னிலை சேர்க்க முடிகிறது என்பதைப் பொறுத்தது. ரன் கணக்கே பொருந்தாவிட்டால், கிடைத்த வெற்றிகளைக் கொண்டாடிவிட்டு இனிமேல் சம பலமுள்ள அணி ஆடுவது போல ஆடும் என்று எதிர்பாருங்கள். கவனியுங்கள்: ஏற்கெனவே சேர்ந்த 17 வெற்றிகளை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. இனிவரும் 45 ஆட்டங்களைச் சமமாகப் பிரித்து 22 வென்றாலும் மொத்தம் 39 ஆகும். 69-இல் 39 என்பது பல பிரிவுகளில் கடைசி வாரம் வரை போட்டியில் நிற்கப் போதுமானது.

ஜூன் தொடக்கத்திலிருந்து, முதலிடம் உறுதியாக இன்னும் எவ்வளவு தேவை என்று சொல்லும் மேஜிக் எண்ணைக் கணக்கிடத் தொடங்குங்கள். பாதியில் உள்ள ஆட்டங்களோடு ஒன்றைக் கூட்டி, உங்கள் அணியின் வெற்றிகளையும் இரண்டாம் இடத்தில் உள்ள அணியின் தோல்விகளையும் கழியுங்கள். டபுள்-ஏயில் 69 ஆட்டங்கள் என்பதால் 70-இலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் அணி 40 வென்றிருக்கிறது, அடுத்த அணி 27 தோற்றிருக்கிறது என்றால் எண் மூன்று. உங்கள் அணியின் ஒவ்வொரு வெற்றிக்கும், போட்டி அணியின் ஒவ்வொரு தோல்விக்கும் அது ஒன்று குறையும். மழையால் ரத்தாகி மறுபடி நடத்தப்படாமலே போகும் ஆட்டங்கள் இருந்தால் அணிகள் ஆடிய எண்ணிக்கை சமமாக இராது. அப்போது வெற்றி விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எண் பூஜ்யமான இரவில், குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் தேதியையும், அன்று ஆடிய ஒன்பது பேரின் பெயர்களையும் எழுதிவையுங்கள். ஏப்ரல் பக்கத்தில் எழுதிய ஒன்பது பெயர்களோடு ஒப்பிட்டு, எத்தனை பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். சில நாட்களில் இரண்டாம் பாதி தொடங்கும்போது தரவரிசைப் பட்டியலில் எல்லா அணிகளுக்கும் எதிரே 0-0 என்று இருக்கும். குறிப்பேட்டில் அடுத்த பக்கத்தைத் திறந்து, எதிரணியின் பெயரை மறுபடி முதல் வரியில் எழுதலாம்.